உங்கள் கையில் மட்டும்

பூட்டக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் முதலாளி. பாராட்டி வைக்கவில்லை, எரிச்சலில் வைத்தார். ஊரார் வீட்டு அழுக்குத் துணியை வாங்கி, வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து, வீடு தேடிப் போய்க் கொடுக்கிற கம்பெனி அது. ஒற்றைச் சலவை இயந்திரத்தோடு தொழிலுக்கு வந்த மனிதர் அவர். செயலி இல்லாத கடையை இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று யாரோ காதில் போட, அதையும் இவளையே செய்யச் சொன்னார். ஆனால் லாகின், பாஸ்வேர்ட் என்று இவள் ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "அழுக்குத் துணியை எவன்மா திருடப் போறான்? அதுக்கு ஏன் இத்தனை பூட்டு?" என்றார். ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பூட்டக்கா. அவளைவிட வயதில் மூத்த கணக்குப்பிள்ளைகூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆபீஸ் என்பது சலவைக்கூடத்துக்கு மேலே ஒரு நீள அறை. கீழே துணி பிழிகிற டிரம் வேகமெடுத்தால் மேலே தரை நடுங்கும். பூட்டக்காவின் கம்ப்யூட்டர் திரை தலையாட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், யாரும் கேட்டு வராத ஒரு டவலை நாலாக மடித்து அதன் அடியில் வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் சோப்பு ஆவி, மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்துதான் ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவை அவள் காவல் காத்தாள்.

இத்தனை பூட்டுப் போடுகிறவள் வீட்டில் பூட்டே கிடையாது என்பது வேறு விஷயம். புருஷன் லிப்ட் மெக்கானிக். அவன் ஃபோனை அவள் எடுப்பாள், அவள் ஃபோனை அவன் எடுப்பான். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், அது பால் போடுகிறவருக்கும் தெரியும் என்று மகன் கிண்டல் செய்வான். நல்ல புருஷன் வாய்த்தவளுக்குத் திருடன் என்றால் வெளியிலிருந்து வருகிறவன்தான். வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்ற வழியில்லை. அவள் செய்த தப்பு அங்கேதான் முளைத்தது.

அந்தத் தப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செயலியும் கம்பெனியின் சர்வரும் பேசிக்கொள்கிற ஜன்னல்களுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். துணி போட ஒரு ஜன்னல், வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஒன்று, பாஸ்வேர்ட் மாற்ற ஒன்று. இந்தக் கடைசி ஜன்னலைப் பூட்டக்கா இழைத்து இழைத்துச் செய்தாள். பழைய பாஸ்வேர்டைச் சொல்லாமல் புதியதை வாங்காது. பழையதையே புதியதென்று கொடுத்தால் ஏமாறாது. தொடர்ந்து தப்பாகச் சொல்கிறவனுக்குக் கதவைச் சாத்திவிடும். மாற்றி முடித்ததும் திரையில் வரவேண்டிய வாக்கியத்தையும் அவளேதான் எழுதினாள்: "பாஸ்வேர்ட் மாறிவிட்டது. இனி உங்கள் கணக்கு உங்கள் கையில் மட்டும்." முதலில் "உங்கள் கையில்" என்றுதான் எழுதியிருந்தாள். வாசித்தபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கடைசியில் "மட்டும்" போட்டாள், ஓசை நன்றாக இருந்தது, விட்டுவிட்டாள்.

அந்த "மட்டும்" பொய். ஒருமுறை சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே வந்தவரின் ஃபோனுக்கு சர்வர் ஒரு சீட்டு கொடுக்கும். அடுத்த தடவையிலிருந்து பாஸ்வேர்ட் கேட்காது, சீட்டில் இருக்கும் முத்திரையைப் பார்த்துவிட்டு வழிவிடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே கொடுத்த சீட்டுகள் அப்படியே செல்லும். வேறொரு ஃபோனில் சீட்டு வைத்திருக்கிறவர் பாட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். அவர்களையும் சேர்த்து வெளியேற்ற அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்யவில்லை.

காரணம், இங்கே வருவதற்கு முன் அவள் செயலி வைத்திருந்த வேறொரு கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தாள். படிப்பு அப்புறம் வந்தது, சாயங்கால வகுப்பில். ஃபோன் எடுத்த காலத்தில் ஒருநாள் யாரோ முத்திரையையே மாற்றிவிட, அத்தனை வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுந்தார்கள். காது புண்ணாகும் வரை திட்டு வாங்கினாள். திட்டியவர்களைக்கூட மறந்துவிட்டாள். ஒரு பெரியவர் மட்டும் திட்டவில்லை. "நான் என்னம்மா தப்பு பண்ணேன், என்னை ஏன் வெளிய தள்ளிட்டீங்க" என்று கேட்டார். அந்தக் குரல் அவளைவிட்டுப் போகவே இல்லை. நான் ஜன்னல் செய்தால் யாரையும் காரணமில்லாமல் வெளியே தள்ள மாட்டேன் என்று வைராக்கியம் வைத்திருந்தாள், அப்படியே செய்தாள். இரக்கத்தில் செய்த காரியம்தான்.

அது ஒரு சனிக்கிழமை மதியம். இங்கே ஃபோன் எடுப்பவளுக்குத் தேன்குரல் என்று பட்டப்பெயர். ஃபோனைப் பிடித்திருக்கும் வரைதான் தேன், வைத்ததும் அவள் வாயிலிருந்து வருவதை எழுத முடியாது. அவள் ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, அக்கா, பாஸ்வேர்ட் விஷயமாக ஓர் அம்மா கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை என்று நீட்டினாள். திட்டுகிற ஆள் இல்லை, ஆனால் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள்.

குரல் நிதானமாகத்தான் இருந்தது. நிதானமாக இருக்கப் பாடுபடுகிற குரல். தான் ஒரு டீச்சர் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண், "நான் போன வாரமே பாஸ்வேர்ட் மாத்திட்டேங்க. மாத்திட்டா வேற யாரும் பாக்க முடியாதுதானே?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்லத் திறந்த வாயைப் பூட்டக்கா மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் ரெண்டு போர்வை வெளுக்கப் போட்டிருக்கேன்னு என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அவள் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஆளைவிட்டு வந்துவிட்டாள். அவன் இரண்டு முறை தேடிக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இது மூன்றாவது வீடு. இந்தக் கணக்கு முன்பு இருவர் ஃபோனிலும் இருந்தது, அதனால்தான் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். அப்போதும் புது முகவரியைச் செயலியில் எழுதவில்லை, துணியைக் கடைக் கவுண்டரில் கொடுத்து வாயால்தான் சொன்னாள். இன்று காலை அவனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "ரெண்டு போர்வை போதுமா? குளிருமே." அவ்வளவுதான் செய்தி.

பூட்டக்கா எண்ணைக் கேட்டு அந்தக் கணக்கைத் திரையில் திறந்தாள்.

"உங்க கணக்கு உங்க கையில மட்டும்னு போட்டிருந்துச்சே," என்றாள் டீச்சர். "மட்டும்னா என்ன அர்த்தம்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவ நான். அதை நம்பித்தான் துணியே போட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வீட்டுல நாங்க இருக்கலாமா, இப்பவே கிளம்பணுமா? கிளம்பணும்னா எங்க போறதுன்னு எனக்குத் தெரியல."

பின்னணியில் ஒரு பெட்டியின் ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. அம்மா, என் பொம்மைக்கு இடமில்லை என்று ஒரு சின்னக் குரல் சொன்னது.

பூட்டக்கா, கொஞ்சம் பொறுங்கள், நானே கூப்பிடுகிறேன், அதுவரை கதவைத் திறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தாள். செய்தி அனுப்பியவனுக்கு வீடு இன்னும் தெரியாது, தெரிந்திருந்தால் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க மாட்டான். கவுண்டரில் சொன்ன முகவரி செயலியில் தெரியாது, வண்டிப் பட்டியலுக்குத்தான் போகும். ஆனால் போர்வைகள் இன்றைக்கு வண்டியில் ஏறிவிட்டன. அடுத்த வீடு இதுதான் என்று வண்டிக்கார அண்ணன் தன் ஃபோனில் அமுக்கியதும், அந்தக் கணக்கின் சீட்டு உள்ள ஒவ்வொரு ஃபோனிலும் வரைபடம் திறக்கும். வண்டி ஊர்ந்து வருவது தெரியும். அது போய் நிற்கப்போகிற வீடும் தெரியும். வாடிக்கையாளர்கள் ரொம்பப் புகழ்ந்த வசதி அது.

தேன்குரல் வண்டிக்கார அண்ணனை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், வீட்டு வாசலில் இறங்கினால் ஃபோனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவார். ஒழுக்கமான மனிதர், அதற்காகப் பரிசுகூட வாங்கியிருக்கிறார். இன்றைக்கு அந்த ஒழுக்கத்தைப் பூட்டக்கா மனதுக்குள் சபித்தாள். வரைபடம் வேறொரு கம்பெனியின் சரக்கு. அவர்களுக்கு அழைத்தால், திங்கட்கிழமை வாருங்கள் என்று ஒரு பதிவு செய்த குரல் பேசியது. இன்றைய பட்டியலில் டீச்சர் வீடு நாலாவது. வண்டி இரண்டாவது வீட்டைத் தாண்டிவிட்டது.

அவள் கையில் இருந்தது கதவு ஒன்றுதான். அந்த ஒருவனின் சீட்டை மட்டும் கிழிக்க வழியில்லை, அப்படி ஒரு வழியை அவள்தான் செய்யாமல் விட்டிருந்தாள். முத்திரையை மாற்றலாம். மாற்றினால் எல்லாச் சீட்டும் ஒரே நொடியில் செல்லாமல் போகும். எல்லாரும் வெளியே வருவார்கள், அவனும் வருவான். பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் திரும்ப உள்ளே போவார்கள், அவனால் முடியாது.

கீழே ஓடினாள். சனிக்கிழமை என்பதால் விடுதிகளின் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. முதலாளி டிரம் பக்கத்தில் நின்று யார்மீதோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவள் கத்தித்தான் விஷயத்தைச் சொன்னாள். இன்றைக்கா, அதுவும் சனிக்கிழமையா என்றார் அவர். இன்றைக்கு எல்லாரையும் வெளியே தள்ளினால் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்றார். அந்த ஆள் ஒருத்தனை மட்டும் தள்ள முடியாதா என்றார். அதை எழுதி, சோதித்து, ஏற்றுவதற்குள் வண்டி அந்த வாசலில் நின்றுவிடும் என்று அவள் சொன்னாள்.

"இது புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா. நமக்கு எதுக்கு?"

"சார், அழுக்குத் துணியை எவன் திருடப் போறான்னு கேட்டீங்களே. துணியைத் திருட வரல சார். அது எந்த வீட்டுக்குப் போகுதுன்னு பாக்க வர்றான்."

முதலாளி மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, நீ என்னவோ பண்ணு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் பழி வந்தால் தப்பிக்க முதலாளிகள் வைத்திருக்கிற வாசகம் அது. பூட்டக்காவுக்கு அதுவே போதும்.

படியேறி வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. முத்திரை என்பது சர்வருக்குள் இருக்கிற ஒரு நீண்ட எழுத்துக்கோவை, அவ்வளவுதான். பழையதை அழித்து விசைப்பலகையில் கைபோன போக்கில் புதியதைத் தட்டினாள். நான் என்னம்மா தப்பு பண்ணேன் என்று கேட்ட பெரியவரின் குரல் காதில் வந்து நின்றது. மன்னிச்சிடுங்க ஐயா என்று வாய்விட்டே சொல்லிவிட்டு அமுக்கினாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. டவலுக்கு மேல் திரை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று, அப்புறம் எல்லாம். தேன்குரல் ஒரே நேரத்தில் இரண்டு காதிலும் ஃபோனை வைத்துக்கொண்டு தேனைப் பிழிந்தாள். கணக்குப்பிள்ளையும் ஒன்றை எடுத்தார், எடுத்த வேகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். பூட்டக்கா அதற்கிடையில் அந்த வாக்கியத்தைத் தேடித் திறந்தாள். "மட்டும்" என்பதை அழித்தாள். உண்மையாக்காமல் அந்தச் சொல்லை இனி எழுதுவதில்லை என்று அவளுக்கு அவள்மேலேயே வந்த கோபத்தில் முடிவு செய்தாள்.

அடுத்து வந்தது வண்டிக்கார அண்ணனின் அழைப்பு. அத்தனை முறை கூப்பிட்டும் எடுக்காதவர் தானாகவே கூப்பிட்டார். அவருடைய ஃபோனுக்கும் அதே முத்திரைதான், அவரையும் வெளியே தள்ளிவிட்டது. என்னம்மா இது, நடுரோட்டில் நிற்கிறேன், எந்த வீட்டுக்குப் போவது என்றே தெரியவில்லை என்று கடுப்பாகப் பேசினார். எந்த வீட்டுக்கும் போக வேண்டாம், வண்டியை அப்படியே திருப்பிக் கடைக்குக் கொண்டு வாருங்கள் என்றாள் பூட்டக்கா. பிறகு, கேட்கப் பயந்துகொண்டே, அடுத்த வீடு என்று அமுக்கினீர்களா என்று கேட்டாள்.

"அமுக்கிட்டேனே. மூணாவது வீட்டை முடிச்சு, அமுக்கி, வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன், அதுக்குள்ள தள்ளிடுச்சு."

வரைபடம் திறந்துவிட்டது. கொஞ்ச நேரந்தான் திறந்திருந்தது, ஆனால் திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தானா, தூங்கிக்கொண்டிருந்தானா? பார்த்திருந்தால் இந்நேரம் கிளம்பியிருப்பான். டீச்சரைக் கிளம்பச் சொன்னால், போக இடமில்லாத ஒருத்தியைக் குழந்தையோடு தெருவில் நிறுத்துகிற பாவம். இருக்கச் சொன்னால், அதைவிடப் பெரிய பாவமாகிவிடலாம். ஃபோனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் கிளம்பச் சொல்வது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு எண்ணைத் தட்டப் போனாள்.

அப்போதுதான் தேன்குரல் திணறிப்போய், அக்கா, இதை நீங்களாவது எடுங்கள் என்று ஒரு ஃபோனைத் தள்ளினாள். பழக்கதோஷம், பூட்டக்கா எடுத்துவிட்டாள்.

"வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றது ஓர் ஆணின் குரல். பணிவான குரல், கேட்கவே இதமாக இருந்தது. செயலி திடீரென்று பாஸ்வேர்ட் கேட்கிறது, எதைப் போட்டாலும் எடுக்கவில்லை என்றான். கணக்கு மனைவி பெயரில், மறந்துபோய் எதையோ மாற்றிவிட்டாள் போலிருக்கிறது, பாவம், அவளுக்கு ஞாபகமறதி என்றான். கணக்கின் ஃபோன் எண்ணைச் சொன்னான். பூட்டக்காவின் எதிரே டீச்சரின் எண் திரையில் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் கண் ஒவ்வொன்றாக அதன்மேல் நகர்ந்தது. எல்லாம் பொருந்தின.

இத்தனை வருடம் அவள் யாருக்காக இரக்கப்பட்டாளோ, அவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். இதே தயக்கம், இதே பாவம். இந்தக் குரலுக்காகத்தான் அவள் யாரையும் வெளியே தள்ளாத ஜன்னல் செய்தாள்.

பழைய பாஸ்வேர்ட் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது, கணக்கு யாருடையதோ அவர்களைப் பேசச் சொல்லுங்கள் என்றாள்.

"பாஸ்வேர்ட்லாம் வேண்டாம்மா, விடுங்க. பாத்துக்கிட்டே இருந்தேன், கண்ணை எடுக்கக்கூட இல்ல. வண்டி வர்ற படம் லோடாகாம சுத்திக்கிட்டே இருந்துச்சு, திறக்கிறதுக்குள்ள வெளிய வந்துடுச்சு. வண்டி எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

மட்டும். பூட்டக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்க மாட்டான்.

"சொல்ல முடியாதுங்க," என்றாள்.

அடுத்து வந்த குரலில் "அம்மா"வும் இல்லை, "ங்க"வும் இல்லை. "நீ யாரு? உன் பேர் என்ன?"

"பூட்டக்கான்னு சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். உடனே டீச்சரின் எண்ணைத் தட்டினாள்.

டீச்சர் முதல் மணியிலேயே எடுத்தாள். தெரிந்ததைவிட ஒரு சொல்கூட அதிகமாகச் சொல்லிவிடக் கூடாது என்று பூட்டக்கா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். தப்பு தன்னுடையதுதான் என்று முதலில் சொன்னாள். அவன் இப்போது வெளியே இருக்கிறான், பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே வர முடியாது என்றாள். வண்டி எங்கே போகிறது என்று இப்போதுதான் தன்னிடமே கேட்டான், அப்படியானால் அவனுக்கு வீடு தெரியவில்லை என்றாள். மேற்கொண்டு என்ன நடக்கும் என்பது தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னாள். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், போலீசிடம் காட்ட வேண்டும், அவன் பேசியதை நானும் வந்து சொல்கிறேன் என்றாள். போர்வைகள் கடையிலேயே இருக்கும், யாராவது நம்பிக்கையானவரை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், வீடு எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றாள்.

"அப்ப இருக்கலாமா?" என்றாள் டீச்சர்.

"இருக்கலாம் டீச்சர்."

டீச்சர் ஃபோனை வைக்க மறந்து, மகளைப் பார்த்து, "பெட்டியைத் திற கண்ணு, நாம எங்கயும் போகல," என்றாள். ஜிப் திறக்கிற சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போய் முடிகிற வரையில் பூட்டக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி எல்லா ஃபோன்களும் அடித்துக்கொண்டே இருந்தன.